ஈபே ஏலத்தில் ஃபீட்பேக் எழுதுவது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் எங்களிடம் தபால் தலை, பழைய அஞ்சலட்டை, நாணயம் எடுப்பவர்கள் பலர் ஃபீட்பேக் பற்றி, அதாவது வியாபாரம் முடிந்ததும் ஒருவரைப் பற்றி மற்றவர் போடும் மதிப்பீடு பற்றி, ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "பொருளில் குறை இருந்தது, நெகட்டிவ் போட்டால் நீங்களும் பதிலுக்கு என் பேரில் நெகட்டிவ் போட்டுவிடுவீர்களோ?" போட மாட்டோம். நினைத்தாலும் போட முடியாது. 2008 மே மாதத்திலிருந்து ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்கு பாசிட்டிவ் மட்டும்தான் போட முடியும். அப்படியும் அந்தப் பயம் பலருக்குப் போகவில்லை. அந்தப் பயத்தோடு எழுதும் ஃபீட்பேக்கால் உங்களுக்கும் பயனில்லை, எங்களுக்கும் பயனில்லை, அடுத்து ஏலம் கேட்க வருபவருக்கும் பயனில்லை. அதனால்தான் இந்த மடல்.

பயம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் 1996 பிப்ரவரியில் இந்த ஃபீட்பேக் முறையைக் கொண்டுவந்தார். வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் எழுதலாம். பாசிட்டிவுக்கு ஒன்று கூடும், நெகட்டிவுக்கு ஒன்று குறையும், நியூட்ரலுக்கு ஒன்றுமில்லை. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. நடைமுறையில் யார் முதலில் எழுதுவது என்பதே பெரிய விஷயமாகிவிட்டது. பணம் கைக்கு வந்த பிறகும் பல விற்பனையாளர்கள் எழுதாமல் காத்திருந்தார்கள். வாங்கியவர் நெகட்டிவ் போட்டால் அடுத்த நிமிடமே இவர்களும் நெகட்டிவ் போட்டார்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் இரண்டையும் விலக்கிக்கொள்ளும் வசதி அப்போது இருந்தது. ஆக, பதில் நெகட்டிவ் என்பது வாங்கியவரைப் பணியவைத்து அவருடைய புகாரைத் திரும்பப் பெறவைக்கும் ஆயுதமாயிற்று.

இதன் விளைவு எண்களிலேயே தெரிந்தது. பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு ஈபே வியாபாரங்களை எடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே ஃபீட்பேக் எழுதியிருந்தார்கள். எழுதியதில் 99 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ். முன்பின் தெரியாதவர்களுக்குள் தபாலில் நடக்கும் வியாபாரத்தில் இத்தனை பேருக்கும் முழுத் திருப்தி என்பது நம்பக்கூடியதா? மனக்குறை உள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்றுதான் நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

2008 மாற்றம் சரியானது என்பது எங்கள் கருத்து. விற்பவர் தரப்பில் ஒரு குறை இருப்பதும் உண்மை. ஏலத்தை ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாதவரைப் பற்றி மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்க இனி வழியில்லை. அதற்கு ஈடாக வேறு ஏற்பாடு இருக்கிறது. நாலு நாளில் பணம் வராவிட்டால், பணம் கட்டவில்லை என்ற காரணம் சொல்லி நாங்கள் ஆர்டரை ரத்து செய்யலாம். அந்தப் பதிவு வாங்குபவர் கணக்கில் நிற்கும். அப்படிப் பதிவு சேர்ந்தவர்களைத் தங்கள் ஏலத்தில் நுழையவிடாமல் விற்பனையாளர்கள் தடுத்துவைக்கலாம். ஆகவே, பணம் கட்டத் தாமதமாகும் என்றால் நாலு நாளுக்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள். கேட்டால் நாள் தருவோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. உங்கள் பணம் வந்த அன்றே, பார்சல் கட்டுவதற்கு முன்பே, உங்களுக்குப் பாசிட்டிவ் போட்டுவிடுவோம். ஏலத்தில் வாங்குபவரின் கடமை சொன்ன விலையை நேரத்துக்குக் கட்டுவது. அது முடிந்ததும் அவரைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதும் முடிந்தது. "நீங்கள் போட்டால் நாங்கள் போடுவோம்" என்று பார்சலில் சீட்டு வைத்து அனுப்புவது மொய்க் கணக்கு மாதிரி. எங்கள் பார்சலில் அப்படி ஒரு சீட்டு இருக்காது, ஐந்து நட்சத்திரம் கேட்டும் எழுத மாட்டோம்.

இனி சதவீதம். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் 99.2, 98.5 என்ற எண் கடைசி 12 மாதக் கணக்கு. பாசிட்டிவ் எண்ணிக்கையை, பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்து வருவது. நியூட்ரல் இதில் சேராது. ஒரே ஆள் ஒரே வாரத்தில் பத்து சாமான் வாங்கிப் பத்துப் பாசிட்டிவ் போட்டாலும் கணக்கில் ஏறுவது ஒன்றுதான். இதில் சின்னக் கடைக்கு ஒரு சங்கடம் உண்டு. வருஷத்துக்கு 20 பேர் மட்டும் எழுதும் கடையில் ஒரே ஒருவர் நெகட்டிவ் போட்டால் 95 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 2,000 பேர் எழுதும் கடையில் 20 பேர் ஏமாந்திருந்தாலும் 99 சதவீதம் அப்படியே இருக்கும். அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்து யாரையும் எடைபோடாதீர்கள். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அதற்குப் பதில் ஃபீட்பேக் பக்கத்தைத் திறந்து நெகட்டிவையும் நியூட்ரலையும் மட்டும் பிரித்துப் படியுங்கள். ஐந்து நிமிட வேலை. "தாமதம்" என்று ஆறு பேர் எழுதியிருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று நீங்களே முடிவு செய்யலாம். "ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்டும் சிறு காகிதத் துண்டு) படாதது என்று சொன்னார், பின்பக்கம் ஒட்டிய தடம் இருந்தது" என்று இரண்டே பேர் எழுதியிருந்தாலும் அந்த ஆளிடம் மிண்ட் தலை, அதாவது பயன்படுத்தாத தபால் தலை, வாங்காதீர்கள். அடுத்து, அந்தப் புள்ளிகள் விற்றதற்கு வந்தவையா, வாங்கியதற்கு வந்தவையா என்று பாருங்கள். ஒரு டாலர் சாமான் நூறு வாங்கி நூறு புள்ளி சேர்த்தவர், திடீரென்று விலை உயர்ந்த நாணயத்தை விற்க வந்தால் அந்த நூறுக்கு மதிப்பில்லை. விற்பவர் தரப்பு, வாங்குபவர் தரப்பு என்று தனித்தனியே பார்க்கும் வசதி அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. நூறு போன் கவர் விற்றுப் பெற்ற நல்ல பெயர், தபால் தலையின் தரத்தைக் கணிக்கத் தெரியும் என்பதற்குச் சாட்சியும் ஆகாது.

நல்ல பெயருக்கு விலை உண்டா என்று கேட்பவர்களுக்கு எங்கள் துறையிலேயே நடந்த ஒரு சோதனை இருக்கிறது. ரெஸ்னிக்கும் செக்ஹவுசரும் ஒரு பழைய அஞ்சலட்டை வியாபாரியோடு சேர்ந்து, ஒரே தரமான அட்டைகளை ஜோடி ஜோடியாக ஈபே ஏலத்தில் விட்டார்கள். ஒன்று அவருடைய நாள்பட்ட கணக்கில், இன்னொன்று புதிதாகத் திறந்த கணக்கில். பழைய கணக்குக்கு வாங்குபவர்கள் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று 2006இல் வெளியிட்டார்கள். ஆக, நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் எங்கள் விலையில் ஏறுகிறது. அந்த விலைக்கு நாங்கள் தகுதியா என்று உண்மையைச் சொல்லும் உரிமையும் உங்களுடையதுதான்.

பாசிட்டிவ், நெகட்டிவ் தவிர நட்சத்திரமும் உண்டு. 2007இல் வந்த ஏற்பாடு இது. பொருள் விவரித்தபடி இருந்ததா, பேச்சுத் தொடர்பு, அனுப்பிய வேகம், அனுப்பும் கட்டணம் என்று நாலுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. யார் எத்தனை கொடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, சராசரிதான் தெரியும். ஆகவே இதில் கூச்சமே வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். வேகத்துக்கு நட்சத்திரம் கொடுக்கும்போது நாங்கள் தபாலில் சேர்த்த தேதியைப் பாருங்கள். டிராக்கிங்கில் அது இருக்கும். சுங்கத்தில் பார்சல் படுத்துக் கிடந்த நாட்களை எங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. மூன்று நாள் கழித்து அனுப்பியிருந்தால் தாராளமாகக் குறையுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பொருளில் குறை இருந்தால் என்ன செய்வது?

நெகட்டிவ் போடுவதால் பணம் திரும்பி வராது. இதைத் தெரியாமல் பலர் கோபத்தில் நெகட்டிவ் போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். ஈபேயின் பணம் திரும்பக் கிடைக்கும் உத்தரவாதத்துக்குக் கெடு, பொருள் வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். பொருள் வரவே இல்லை என்றால், வர வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 30 நாள். ஃபீட்பேக் எழுத 60 நாள் இருக்கிறது. எது அவசரம் என்று இதிலேயே தெரியும். முதலில் ஆர்டர் பக்கத்தில் போய் ரிட்டர்ன் கேளுங்கள், காரணத்தில் "விவரித்தபடி இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு மூன்று வேலை நாள் அவகாசம். அதற்குள் நாங்கள் தீர்த்துவைக்காவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். விவரித்தபடி இல்லாத பொருளைத் திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது. எங்கள் தரநிலையை நிஜமாகப் பாதிப்பதும் இந்தப் புகார்கள்தான். விற்பவர் தீர்க்காமல் ஈபே தலையிட்டு முடித்த வழக்குகள் மொத்த வியாபாரத்தில் 0.3 சதவீதத்தைத் தாண்டினால் விற்பவர் தரநிலை கீழே இறங்கும்.

எது எங்கள் பிழை, எது இல்லை என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பழைய பிரிட்டிஷ் காலனி) வெளியிட்ட ஐந்தாம் ஜார்ஜ் தபால் தலை ஒன்றை மல்டிபிள் ஸ்கிரிப்ட் சிஏ வாட்டர்மார்க் (காகிதத்திலேயே பதிந்த நீர்க்குறி, அதில் சிஏ என்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும்), மிண்ட், ஹிஞ்ச் படாதது என்று போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். கையில் வந்ததும் கறுப்புத் தட்டில் முகத்தைக் குப்புற வைத்து வாட்டர்மார்க் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். எழுத்து சாய்ந்த கையெழுத்துப் பாணியில் இல்லாமல் நிமிர்ந்த அச்செழுத்தாகத் தெரிந்தால் அது பழைய கிரவுன் சிஏ. வேறு கேட்லாக் எண், வேறு விலை. எங்கள் பிழை. ஓரிடம் மட்டும் திட்டாகக் கறுத்தால் காகிதம் அங்கே சுரண்டப்பட்டு மெலிந்திருக்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால் அதுவும் எங்கள் பிழை. விளக்குக்கு அடியில் தபால் தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது பசைப் பளபளப்பின் நடுவே மங்கலான செவ்வகம் தெரிந்தால் ஹிஞ்ச் ஒட்டிய தடம். எங்கள் பிழையே. படம் ஒரு பக்கமாக ஒதுங்கி அச்சாகியிருப்பது போட்டோவில் தெரிந்தே இருந்தது என்றால், அதற்கு ரிட்டர்ன் கேட்கலாம், நெகட்டிவ் நியாயமில்லை. நாணயத்திலும் இப்படித்தான். சாய்த்துப் பிடித்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடினால் யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதை நாங்கள் எழுதாமல் விட்டிருக்கக் கூடாது.

விஷயம் தீர்ந்தாலும் தீராவிட்டாலும் நடந்ததை எழுதுங்கள். "மோசம், ஏமாற்று" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "ஸ்கிரிப்ட் சிஏ என்றார்கள், வந்தது கிரவுன் சிஏ. சொன்ன மறுநாள் பணம் திரும்பியது" என்று எழுதினால் எங்கள் கவனக்குறைவும் தெரியும், அதைச் சரிசெய்ததும் தெரியும். இதற்கு நியூட்ரல் போட்டாலும் எங்களுக்கு மனவருத்தம் இல்லை.

நெகட்டிவ் வந்த 30 நாளுக்குள் அதைத் திருத்தும்படி உங்களிடம் கேட்க ஈபே எங்களை அனுமதிக்கிறது. ஆயிரம் ஃபீட்பேக்குக்கு வருஷத்தில் ஐந்து முறைதான். உங்களுக்கு யோசிக்கப் பத்து நாள். பணமோ மாற்றுப் பொருளோ உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கேட்போம், மறுத்தால் மறுபடி கேட்க மாட்டோம். "முதலில் நெகட்டிவை மாற்றுங்கள், பிறகு ரீஃபண்ட்" என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் அது விதிமீறல். ஈபே மெசேஜிலேயே அவர் சொன்னது இருக்கும்படி பார்த்துக்கொண்டு புகார் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதை ஈபே கணக்கில் எடுக்காது. ஏலத்தில் சொல்லாத ஒன்றை, "இன்னும் இரண்டு தலை சேர்த்து அனுப்பாவிட்டால் நெகட்டிவ்" என்று வாங்குபவர் கேட்டாலும் அதே விதிதான். அப்படி வரும் மெசேஜை நாங்களும் ஈபேக்கு அனுப்புவோம்.

இந்தியாவில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸீ டாட் காமாக இருந்து, 2004இல் ஈபே வாங்கிய பிறகு ஈபே இந்தியாவான தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இன்று நீங்கள் எடுப்பதெல்லாம் வெளிநாட்டு ஏலம், பார்சல் சுங்கம் வழியாக வரும். பார்சல் கைக்கு வந்ததும் உறையைக் கத்தரிக்கும் முன் ஒரு படம், தலையின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, வாட்டர்மார்க் தட்டில் வைத்தது ஒன்று என்று நாலு படம் எடுத்து, ஆர்டர் எண்ணோடு ஈபே மெசேஜில் அனுப்புங்கள். உறையில் தபால் முத்திரைத் தேதி தெரிய வேண்டும். அந்த நாலு படம் இருந்தால் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் அன்றே ரிட்டர்னை ஏற்றுக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் தபால் தலைக் கடையார்