பிங்க் ஃபிளாய்டை இன்றும் கேட்பது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுபதுகளின் ராக் இசைக்குழுக்கள் பழைய நினைவுகளை வைத்தே காலம் தள்ளுகின்றன என்று கலைப் பக்கத்தில் படித்தேன். பிங்க் ஃபிளாய்டைப் பொறுத்தவரை இதை என்னால் ஏற்க முடியவில்லை. 1973இல் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை இன்று விரும்பிக் கேட்கும் பலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர்களுக்கு ஏது பழைய நினைவு?

ஆளைக் கட்டிப்போடுவது அதிலுள்ள வேலைப்பாடுதான். ‘மணி’ (Money, பணம்) பாடலின் தொடக்கத்தில் சில்லறை குலுங்கும், காகிதம் கிழியும், கல்லாப்பெட்டி திறக்கும். கம்ப்யூட்டரில் எடிட் செய்யும் காலமா அது? ஒலிநாடாவை அளந்து வெட்டி, துண்டுகளை ஒட்டி, வளையமாக ஓடவிட்டு அந்த ஏழு தட்டுத் தாளத்தைக் கொண்டுவந்தார்கள். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சத்தமும் தன் இடத்தில் கச்சிதமாக விழும்.

குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர் சண்டை பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, அது கிடக்கட்டும். பாடகி கிளேர் டோரியைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. அதே ஆல்பத்தின் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாடலில் ஒரு சொல்கூடப் பாடாமல், குரலாலேயே கதறி, கெஞ்சி, கடைசியில் அடங்குபவர் அவர். அபே ரோடு ஸ்டூடியோவில் அன்று அவருக்குக் கிடைத்த சம்பளம் 30 பவுண்டு. வழக்குத் தொடர்ந்த பிறகுதான், 2005இல், குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டுடன் இணை இசையமைப்பாளர் என்ற உரிமை வந்தது. அந்தக் குரலுக்காகவே ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த முறை இந்தக் குழுவைப் பற்றி எழுதும்போது அவர் பெயரையும் தயவுசெய்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்