ஒரே ஒரு பலகை கேட்டு, சென்னை வரலாற்றுக் கண்காட்சி நடத்தியவர்களுக்கு

கண்காட்சிக் குழுவினருக்கு வணக்கம்.

போன ஞாயிறு வந்திருந்தேன். கோட்டை, 1664இல் தொடங்கிய பெரியாஸ்பத்திரி, 1688இல் வந்த மாநகராட்சி எல்லாம் அழகாக இருந்தன. துரைமார் கிளப்புக்கு மூன்று பலகைகள். பெரம்பூர் பின்னி மில்லுக்குக் கம்பெனிகள் பட்டியலில் ஒரே ஒரு வரி.

அந்த மில்லில் வேலை பார்த்த அப்பாவின் டோக்கனைக் கொண்டுவந்திருந்தேன். தேய்ந்த பித்தளை வில்லை, நடுவில் எண், மேலே ஒரு ஓட்டை. வாசலில் இருந்த தம்பி அதைக் கையில்கூட வாங்காமல், "இது ஹெரிடேஜ்ல வராது சார்" என்றார். அவர்மேல் கோபமில்லை. சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே.

உங்களுக்குத் தெரியாததா? 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். தொழிலாளிகள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, மத்தியானம் சோறு தின்ன நேரம் போதவில்லை என்பது. அள்ளி விழுங்கிவிட்டு, கேட் மூடுவதற்குள் ஓட வேண்டும். அப்பா சேர்ந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ஆனாலும் 1996இல் மில் மூடிய பிறகும் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவார். "எங்க ஓடறீங்க, சங்கா ஊதிட்டான்?" என்று அம்மா கேட்பார். பதில் வராது.

ஐகோர்ட்டின் சிவப்புக் கோபுரத்தைச் சுவர் உயரத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். சரி. 1920 கதவடைப்பின்போது மில் நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு, தொழிலாளிகளைத் தூண்டக் கூடாது என்று தடை வாங்கியதும் அதே ஐகோர்ட்டில்தான். அந்தத் தடையால் எழுந்த கூச்சலில்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. கோபுரத்துக்கு இடமிருக்கிறது, வழக்குக்கு இல்லை. 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் சாதியால் பிளந்து புளியந்தோப்பில் அடித்துக்கொண்டதையும் சேர்த்தே போடுங்கள். எங்களுக்கு அலங்காரம் வேண்டாம்.

உங்கள் மெட்ராஸ், சென்ட்ரல் ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது போல. அதற்கு வடக்கே யாரும் சாப்பிடவில்லை, சாகவில்லை. கிளப்பில் பரிமாறிய சூப்பு மட்டும்தான் சரித்திரம்.

மன்னிக்கவும், சண்டை போட எழுதவில்லை. கேட்பது ஒரே ஒரு பலகை. தயவுசெய்து அடுத்த கண்காட்சியில் வையுங்கள். டோக்கனை நானே கொண்டுவருகிறேன், கண்ணாடிப் பெட்டி மட்டும் உங்களுடையது. முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள். அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
பெரம்பூர்க்காரன் ஒருவன்