வாயால் சொன்னால் புகார் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதிலில் வேலையிடத்துப் பாலியல் தொந்தரவு பற்றிக் கேட்ட பனியன் கம்பெனிப் பெண் ஒருவருக்கு, "மனிதவள மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னாலே புகார்தான், அவசரப்பட வேண்டாம்" என்று அருளியிருக்கிறீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு தங்களுக்குத் தெரியாததல்ல. பதில் எழுதியவருக்குத்தான் யாரும் காட்டவில்லை போலும்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து. தக்க காரணம் இருந்தால், இத்தகைய புகார்களை விசாரிக்கும் கம்பெனியின் புகார்க் குழு இன்னும் 3 மாதம் தரலாம், அவ்வளவுதான். மேலாளர் "பார்த்துக்கலாம்மா" என்று ஓட்டுகிற வாரங்களெல்லாம் இந்தக் கணக்கில்தான் கழியும். எழுத வராதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர், முகவரியோடு 6 பிரதி கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிய நகல் ஒன்று அந்தப் பெண்ணிடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் "அப்படி எதுவும் வரவேயில்லையே" என்பார்கள். 7 வேலை நாளில் ஒரு பிரதி எதிர்த்தரப்புக்குப் போகும். விசாரணைக்கு 90 நாள்.

"ஷிப்ட் மாத்திடுவேன், கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்னு சூப்பர்வைசர் மிரட்டுறார்" என்று அவர் கேட்டதற்குப் பதிலே காணோம். பாலியல் தொந்தரவோடு வரும் வேலை மிரட்டலைத்தான் 3ஆவது பிரிவு சொல்கிறது. எழுதிக் கேட்டால், விசாரணை நடக்கும்போதே இடமாற்றமோ 3 மாதம் வரை கூடுதல் விடுப்போ தரும்படி குழு பரிந்துரைக்கலாம். தொந்தரவு தருபவர் முதலாளியே என்றாலோ, 10 பேருக்குக் குறைந்த பட்டறை என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது.

போன வருடம் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போட்டுவிட்டு, இன்னொரு பெண்ணின் ஊர், பிரிவு, எத்தனை வருட சர்வீஸ் என்று அத்தனையும் அச்சிட்டதும் தாங்கள்தான். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்னும் 16ஆவது பிரிவு பத்திரிகைக்கும் சேர்த்துத்தான். அதற்கு முன்பு இந்தப் புகார்க் குழுவையே "சமரசக் குழு" என்றீர்கள். பெண் கேட்டால் மட்டுமே சமரசம். காசு கொடுத்து முடிப்பதைச் சட்டம் ஏற்காது. அப்போதும் எழுதினேன், இடமில்லை என்றீர்கள். ராசிபலனுக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

அதே பகுதியில், அதே எழுத்தளவில் ஒரு வரி போடுங்கள்: "எழுத்தில், 3 மாதத்துக்குள், 6 பிரதி." கேள்வியில் அவர் சொல்லும் தேதியைப் பார்த்தால், மிச்சமிருப்பது 3 வாரம்தான். தங்கள் அடுத்த இதழ் வர 2 வாரம் ஆகும்.

இப்படிக்கு,
புகார்க் குழு வெளி உறுப்பினர் ஒருவர்,
திருப்பூர்