பிறந்த ஊரிலேயே வெளிநாட்டவர்: நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாலையில் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். இலங்கைத் தமிழர் முகாம்கள் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த படகுகளையும், நாற்பது ஆண்டு கடந்தும் முகாம் வீடுகளிலேயே இருக்கும் அரை லட்சத்துக்கும் மேற்பட்டோரையும் பற்றி அவையில் பலமுறை பேசியிருக்கிறீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து தொடங்கவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். இந்த மண்ணில் பிறந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள்.

என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒரு பெண்ணால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். பக்கத்து முகாமில் வளர்ந்தவள். 2003இல் இங்குள்ள அரசு மருத்துவமனையில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் தமிழ்நாடு அரசின் முத்திரை இருக்கிறது. செவிலியர் படிப்பு முடித்தாள். கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டாள். மூவரில் அவளுக்குத்தான் மதிப்பெண் அதிகம். மற்ற இருவரும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பாஸ்போர்ட் விண்ணப்பம் போட நானும் அவளோடு கணினி மையத்துக்குப் போயிருந்தேன். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் என்று மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவள், இந்தியக் குடியுரிமை எவ்வகையில் வந்தது என்று கேட்கும் இடத்தில் கையை எடுத்துவிட்டாள். பிறப்பால், வம்சாவளியால், பதிவால் அல்லது இயல்புரிமையால் என்று வழிகளைக் காட்டியது திரை. “பிறந்தது இங்கேதானே, டீச்சர்? அப்படியென்றால் முதலாவதைப் போடலாமா?” என்று கேட்டாள். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவளுக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வரவில்லை. முதலாவதையே போட்டோம். சில வாரம் கழித்து ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டு, பெற்றோரின் முகாம் பதிவு அட்டையைப் பார்த்துவிட்டு, விண்ணப்பக் கோப்பினை மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். அந்த அதிகாரி கடிந்து பேசவில்லை. “நீங்கள் வெளிநாட்டவர் அம்மா, சட்டம் அப்படி” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அதன் நாடாவை அவிழ்ப்பதும் முடிவதுமாகவே வந்தாள்.

சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பதை நானும் படித்துப் பார்த்துவிட்டேன். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறந்ததே போதும். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அந்த நிபந்தனை இன்னும் இறுகிவிட்டது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்த வேறுபாட்டைக் கொண்டே உயர் நீதிமன்றத்தில் வென்று பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவருடைய தம்பி தங்கைகள் வயதில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. பதிவு செய்து வாங்கலாம் என்றால், 2003 திருத்தம் பெற்றோருக்குச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று பெயர் வைத்து அந்த வழியையும் அடைத்திருக்கிறது. குண்டு விழும்போது மன்னாரில் படகேறியவர்கள் கையில் விசா எங்கிருந்து வரும்?

என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். என் தாத்தா, கடையில் வேலை பழகச் சேரும் பெட்டியடிப் பையனாகப் பர்மா போனவர். செட்டியார் கடையில் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்து, பிறகு சொந்தமாக வியாபாரம் பார்த்தார். 1962இல் பர்மா இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின, 1964 மே மாதம் ஐம்பது, நூறு சியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. தாத்தா குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேறினார். என் தாய் பர்மாவில் பிறந்தவர். அதுவரை இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தியக் குடிமகளாகத்தான் கரை இறங்கினார். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால், அயல்நாட்டில் இருந்தபடியே தூதரகத்தில் பதிந்து குடியுரிமை பெறலாம் என்று அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சொல்கிறது. தாத்தா ரங்கூனில் பதிந்திருந்தார். டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த அந்த ஒரு தாள் எங்களைக் காப்பாற்றியது. காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அங்கே யாரையும் பார்த்து வெளிநாட்டவர் என்று எந்த அதிகாரியும் சொல்வதில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் பாட்டியைப் பாருங்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்துக்காரர். அவருடைய தாத்தா பிறந்தது திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில், எங்கள் குடும்பம் கரை சேர்ந்த அதே ஆண்டில், இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. அந்த மக்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. பங்காளிகள் நெல் மூட்டையைக்கூட அளந்து பார்த்துத்தான் பிரிப்பார்கள். 1984இல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வரும் கப்பல் நின்றபோது, இந்தியா வரக் காத்திருந்தவர்கள் பலர் அங்கேயே தங்கிப்போனார்கள். இந்தப் பாட்டி 1977 கலவரத்தில் மலையிலிருந்து வவுனியாவுக்கு ஓடி, 1990இல் அங்கிருந்தும் ஓடி, இராமேசுவரத்தில் வந்து இறங்கினார். தன் தாத்தாவின் ஊருக்கு இத்தனை பக்கத்தில், முப்பத்தைந்து ஆண்டுகளாக அகதியாக இருக்கிறார்.

பர்மாவில் பிறந்த என் தாய் இந்தியர், காரைக்குடிப் பக்கம் பிறந்த அந்தப் பெண் வெளிநாட்டவர். இதை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி உங்களில் யாராவது சொல்லிக் கொடுத்தால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்ற பதில் வரும். அது ஐரோப்பியப் போரை மனத்தில் வைத்து எழுதியது என்பது பழைய வாதம். அந்தக் கால எல்லையையும் இட எல்லையையும் 1967 நெறிமுறை நீக்கிவிட்டது. சரி, அதை விட்டுவிடுவோம். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றதே! பிறந்த குழந்தைக்கு ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் உரிமை உண்டு என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. கொழும்பில் இலங்கைக் குடிமகளாகப் பதியட்டுமே என்றும் சிலர் சொல்கிறார்கள். அவள் ஒரு நாள்கூடப் பார்த்திராத நாடு அது. பாட்டியை விரட்டிய நாடு.

உலகம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. யாருக்குக் கதவு திறக்கும் என்பதை அகதியின் துன்பம் முடிவு செய்வதில்லை. அவரைத் துரத்தியவர் நமக்கு நண்பரா பகைவரா என்பதே முடிவு செய்கிறது. 2001இல் எழுதி வைத்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உக்ரைனியர்களுக்காகத்தான் முதன்முதலில் பயன்படுத்தியது. 2015இல் சிரியாவிலிருந்து பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த விதி நினைவுக்கு வரவில்லை. நம் 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர் இருக்கிறது. இலங்கையின் பெயர் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரசின் மனம் கோணக் கூடாது என்றால், அதற்கான விலையை இந்தப் பிள்ளைகளா கொடுக்க வேண்டும்?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு விசாரணையின்போது, இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று ஒரு கருத்து வந்தது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இராமேசுவரத்திலும் காசியிலும் சத்திரம் கட்டி வைத்த சீமை எங்களுடையது. முன்பின் தெரியாதவன் வந்து படுத்தாலும் இலை போடுவதைப் பெருமையாக நினைத்த மண்ணில் அந்தச் சொல் வலிக்கிறது. அந்தப் பெண் சத்திரத்தில் இடம் கேட்கவும் இல்லை. தான் பிறந்த வீட்டில் தன் பெயரை எழுதிக்கொள்ளக் கேட்கிறாள்.

கோபத்தில் ஏதேனும் மிகையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்ததையும் சொல்ல வேண்டும். மாநில அரசு முகாம்களில் புது வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறது, உதவித்தொகையை உயர்த்தியிருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. நன்றி. தண்டிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள், குடிமக்கள் என்று சொல்ல இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். 2019 திருத்தத்தில் இலங்கையைச் சேர்க்கலாம். அது முடியாதென்றால், இங்கே பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு மட்டுமாவது தனியாக ஒரு பிரிவு கொண்டுவரலாம்.

வரும் கூட்டத்தொடரில் உங்களில் ஒருவர் எழுந்து இதைக் கேட்க வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன். நானும் அவளும் அந்தப் பாட்டியும் என் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்போம். பாஸ்போர்ட் கோப்பு என் அலமாரியில்தான் இருக்கிறது. முகாம் வீட்டில் மழை ஒழுகுகிறது என்று அவள் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காரைக்குடி