அம்மப்பா, இரண்டு தடவையும் நான்தான் வாக்குப் போட்டேன்

அன்புள்ள அம்மப்பாவுக்கு,

2024 நவம்பர் 15 அன்று பாராளுமன்றத் தேர்தல் முடிவைக் கேட்டு வானொலியை நிறுத்திவிட்டு, பிளேன்டீயைத் தொடாமலே படலையைத் திறந்துகொண்டு போனீர்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி 80,830 வாக்குகளும் 3 ஆசனங்களும் எடுத்திருந்தது. தெற்குக் கட்சி ஒன்று இங்கே முதலிடம் வந்தது அதுதான் முதல் தடவை. என் விரலில் மை அழியவில்லை. "பட்டதெல்லாம் இந்தப் பிள்ளையளுக்கு மறந்துபோச்சு" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். அது இன்னும் என்னைக் குத்துகிறது.

1977இல் உங்களுக்கு 23 வயது. புள்ளி இருந்தும், மொழி, மாவட்டம் பார்த்து இடம் கொடுத்த தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் கிடைக்காத கோபத்தோடு தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்குப் போட்டீர்கள். வடக்கின் 14 தொகுதிகளும் கூட்டணிக்கே வந்தன. எனக்கு 2024இல் 21. அண்ணா பட்டம் முடித்து மூன்று வருடமாக வேலைக்கு அலைந்து, கடைசியில் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்ட நின்றான். நாம் நம்பிய தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவோ நீதிமன்றத்தில் கிடந்தது. இந்த மண்ணிலேயே இருந்து பிழைக்க யார் வழி செய்வார்கள் என்று யோசித்துத்தான் திசைகாட்டிக்குப் போட்டேன்.

ஆனால் இளசுகள் எல்லாம் ஒரே பக்கம் என்று நினைக்காதீர்கள். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படிக்கும் சித்தாண்டிப் பிள்ளைக்கும் என் வயதுதான். அவள் போட்டது தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு. தகப்பன் மாடு வளர்க்கிறவர். மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர். "உங்களுக்கென்ன, எதுக்குப் போட்டாலும் வாறது தமிழாள்தான். எங்களுக்கு வாக்குப் பிரிஞ்சா ஆசனமே போயிரும்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தேர்தலில் திசைகாட்டி முதலிடம் வராத ஒரே மாவட்டம் அவளுடைய மட்டக்களப்புத்தான்.

அப்புறம் 2025 மார்ச் 28 வந்த அரசின் காணி வர்த்தமானி. வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி என்றது அது. வடமராட்சி கிழக்குத் தென்னங்காணியின் உறுதியைத் தேடி றங்குப்பெட்டியைக் கவிழ்த்தீர்கள். கறையான் அரித்த கடதாசிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தீர்கள். 1995 இடப்பெயர்வில் தொலைந்தது எப்படிக் கிடைக்கும்? பக்கத்தில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றது நான்தானே அம்மப்பா.

மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வீட்டுக்குப் போட்டேன். பிள்ளை வழிக்கு வந்திட்டாள் என்று சந்தோசப்படுகிறீர்களாம். நான் எங்கும் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. நவம்பரில் கேட்ட அதே கேள்வியைத்தான் மேயிலும் கேட்டேன்.

லீவுக்கு வருகிறேன். விறாந்தையில் இருந்து பேசுவோம். 1977இல் உங்கள் ஐயா எதுக்குப் போட்டவர் என்று முதலில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேத்தி