இரண்டு ஏழாம் மாதங்கள்

அன்புள்ள குமரனுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டில், தள்ளுவண்டி, பால் புட்டியில் கிருமி நீக்கும் பெட்டி, புட்டியைச் சூடாக்க ஒரு கருவி, கேமரா, காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம் என்று போய்க்கொண்டே இருந்தது. பாதியில் நிறுத்தி, "பிள்ளை பிறக்கப் போகிறதா, இவன் கிளினிக் திறக்கப் போகிறானா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். கடைசியில் நீ போட்டிருந்த கூட்டுத்தொகையை நான் அவரிடம் சொல்லவில்லை.

போனில் பேசலாம்தான். பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மீனாவிடமும் படிக்கக் கொடு. மாமியார் கணக்குப் பார்க்கிறாள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவளுடைய சாப்பாடு, மருத்துவர், ஓய்வு இந்த மூன்றிலும் ஒரு வெள்ளிகூடக் குறைக்க வேண்டாம். தாய்ப்பால் எடுக்கும் பம்பும் நல்லதாகவே வாங்கு. வேலைக்குத் திரும்பப் போகிறவளுக்கு அது தினமும் உழைக்கும் சாமான்.

மற்றதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

உன் பட்டியலில் எல்லாச் செலவும் பிள்ளை பிறக்கும் தேதியோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. வரிசையாக எண்ணிப் பார். இங்கே சிங்கப்பூரில் மீனாவுக்கு 16 வாரப் பேறுகால விடுப்பு. உனக்கு 4 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு, தாயும் தகப்பனும் பகிர்ந்து எடுத்துக்கொள்ள இன்னும் 10 வாரம். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் முப்பது வாரம், சம்பளத்தோடு. உங்கள் இருவர் சம்பளமும் வந்துகொண்டிருக்கும், பிள்ளையும் வீட்டில் இருக்கும், டயப்பரைத் தவிரப் பெரிய செலவு இருக்காது. பிள்ளைக்கு ஏழு மாதம் ஆகும்போதுதான் கதை மாறும். சிசுப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்க வேண்டும், அல்லது மீனா சம்பளமில்லா விடுப்பு எடுக்க வேண்டும், அல்லது பணிப்பெண் வைக்க வேண்டும். மூன்றுக்கும் பணம் வேண்டும். அப்போது உன் பணமெல்லாம் கேமராவாகவும் காற்று இயந்திரமாகவும் அறையில் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வாய்?

"அரசாங்கத்தின் குழந்தை போனஸ் 11,000 வெள்ளி வருதேம்மா" என்று நீ அன்றைக்குச் சொன்னாய். வருகிறது, ஆனால் எப்படி வருகிறது என்று பார். பிறந்ததும் 3,000. ஆறு மாதத்தில் 1,500, ஒரு வயதில் 1,500, ஒன்றரை வயதில் 1,000. மீதி 4,000 வெள்ளி இரண்டு வயதிலிருந்து ஆறரை வயது வரை ஆறு மாதத்துக்கு 400 என்று சொட்டுச் சொட்டாக வரும். ஏழாம் மாதத்தில் உன் கையில் வந்திருப்பது 4,500 மட்டும். அதை நம்பி இப்போது கிரெடிட் கார்டில் தேய்க்காதே.

அப்புறம் மத்திய சேம நிதி, மாதாமாதம் சம்பளத்தோடு சேரும் ஓய்வுகாலச் சேமிப்பு. இதை உன் நண்பர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுத் தவணை அதில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய பகுதியான சாதாரணக் கணக்கிலிருந்து, இருவருடையதிலிருந்தும் போகிறது, சம்பளக் கணக்கை அது தொடுவதே இல்லை. அதனால் அப்படி ஒரு செலவு இருப்பதே உங்களுக்கு நினைவில் நிற்பதில்லை. 35 வயது வரை சம்பளத்தில் 23 விழுக்காடு அந்தக் கணக்குக்குப் போகிறது. 4,000 வெள்ளி சம்பளம் என்றால் மாதம் 920. சம்பளத்தோடு கூடிய விடுப்பில் இருக்கும்வரை சேம நிதியும் வரும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதம் முதல் சம்பளமும் நிற்கும், இந்த 920-உம் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. கணக்கில் இருப்பு இருந்தால் சில மாதம் தாங்கும். இல்லாவிட்டால் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடன் எடுக்கும்போது ஆளுக்கு 20,000 வெள்ளி வரை சாதாரணக் கணக்கிலேயே விட்டுவைக்கலாம். நீங்கள் விட்டுவைத்தீர்களா, துடைத்து எடுத்தீர்களா? இன்று இரவே இருவர் கணக்கையும் திறந்து பார்த்து, மீனாவின் பங்கு இல்லாமல் எத்தனை மாதம் ஓடும் என்று எழுதிவை. பட்டியல் போடுவதென்றால் அதுதான் முதல் வரி.

பிள்ளையின் பெயரில் திறக்கும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கை மட்டும் தள்ளிப்போடாதே. அதில் நீங்கள் ஒன்றும் போடாமலே அரசாங்கம் 5,000 வெள்ளி போடும். அதற்கு மேல் நீங்கள் போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அதுவும் ஒரு வெள்ளி போடும், முதல் பிள்ளைக்கு 4,000 வரை. போட்டதும் இப்படி இரட்டிப்பாகும் பணம் வேறு எங்கே கிடைக்கிறது, சொல். ஆனால் அவசரப்பட்டு 4,000-ஐயும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொட்டாதே. அங்கே போன பணத்தை ரொக்கமாகத் திரும்ப எடுக்க முடியாது. பாலர் பள்ளி, பராமரிப்பு நிலையம், மருந்தகம், மருத்துவமனை மாதிரி அங்கீகாரம் பெற்ற இடங்களில்தான் கட்டலாம். அதனால் சிசுப் பராமரிப்புக் கட்டணத்தையே அந்தக் கணக்கின் வழியாகக் கட்டு. எப்படியும் கட்டப்போகிற பணம்தானே, அந்த வழியாகப் போனால் பாதி அவர்களுடையது. வேலைக்குப் போகும் தாய்க்கு சிசுப் பராமரிப்பில் மாதம் 600 வெள்ளி அடிப்படை மானியம் உண்டு. குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் அதற்குமேல் கூடுதல் மானியமும் உண்டு. மானியம் போக மிச்சம் எவ்வளவு என்று புங்கோலில் உங்கள் புளோக் பக்கத்து நிலையங்களில் கேள். அந்தத் தொகையை இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தனியாக எடுத்துவை. கஷ்டமாக இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். கேட்கும்போதே பெயரையும் பதிந்துவிடு, சிசுக்களுக்கு இடம் கிடைப்பது லேசில்லை.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். பிறப்பதற்கு முன் தொட்டில் வாங்கக் கூடாது, துணி வாங்கக் கூடாது என்று உன் பாட்டி சொல்வார். கண்பட்டுவிடும் என்பது அவர் காரணம். அந்தக் காரணத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, அந்த வழக்கத்தில் முழு நம்பிக்கை. முன்கூட்டி வாங்கினால் கடைக்காரர் சொன்னதை வாங்குவோம். பிறந்தபின் வாங்கினால் பிள்ளை கேட்டதை வாங்குவோம். முஸ்தபா கடை இரவு இரண்டு மணி வரை திறந்திருக்கிறது. எது இல்லாவிட்டாலும் உன்னை ஓடி வாங்கி வரச் சொல்லலாம்.

கட்டில் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. கெட்டியான, தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள், மெத்தையைப் புதிதாகவே வாங்கு. ஆனால் கட்டிலோடு செட்டாக விற்கிற தலையணை, சுற்றுப் பஞ்சுத் தடுப்பு, தடித்த போர்வை எதுவும் சிசுவுக்கு ஆகாது. மூச்சு முட்டும் என்று மருத்துவர்களே தவிர்க்கச் சொல்கிறார்கள். காசும் மிச்சம். காருக்கான குழந்தை இருக்கை எதற்கு? உங்களிடம் கார் இல்லை. டாக்சியில் அது கட்டாயமில்லை. கிராப் போன்ற தனியார் வாடகைக் காரில்தான் சட்டப்படி வேண்டும், அதற்கு இருக்கையோடு வரும் வண்டியை முன்பதிவு செய்துகொள்ளலாம். கேமரா பற்றி என்ன சொல்ல? உங்கள் கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் பத்து எட்டு. பிள்ளை அழுதால் உங்களுக்கு மட்டுமில்லை, மேல்மாடிக்கும் கேட்கும்.

நான் பிறந்தது 1966-இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, ஒரு நாளைக்கு நூறுக்கும் மேல். அத்தனை பேரும் புட்டி சூடாக்கும் கருவி இல்லாமல்தான் வளர்ந்தோம். ஒரு குவளை வெந்நீரில் புட்டியை நிறுத்தினால் அதே சூடுதான் ஏறும்.

தள்ளுவண்டியைப் பழையதாக வாங்கு. பழைய சாமான் விற்கும் கரோசல் செயலியில் நல்லதே கிடைக்கும், ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடாதே. நேரில் போய், ஏதாவது கனமாக ஒன்றை உட்காரவைத்து, சரிவில் நிறுத்திப் பிரேக்கைப் போட்டுப் பார். மடித்துப் பார், ஒரு கையால் மடிக்க முடிகிறதா என்று. பேருந்தில் ஏறும்போது இன்னொரு கையில் பிள்ளை இருக்கும். அப்புறம் வாரில் இருக்கும் கொக்கி 'டக்' என்று பூட்டுகிறதா என்று பார். துணி அழுக்காக இருந்தால் பரவாயில்லை, துவைத்துக்கொள்ளலாம்.

டயப்பர் ஒரேயடியாக அடுக்காதே. பிறந்த குழந்தை அளவில் ஒரு கட்டு போதும், சில வாரத்தில் அது தொடையில் ஏறாது. பகலில் துணி கட்டலாம். அப்பாவின் பழைய நூல் வேட்டிகளைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு வேட்டியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, அதைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரத்தை மெல்லிசாக மடித்து ஓட்டுகிறேன். மடிப்பு தடித்தால் இடுப்பில் உறுத்தும், அதனால் அதை மட்டும் மெஷினில் கொடுக்காமல் கையால் தைக்கிறேன். வெந்நீரில் அலசி மூங்கில் கழியில் போட்டால் மத்தியான வெயிலில் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. கழியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மலாய் அம்மா "எப்போது பேரப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். நான் சொல்லவில்லை, துணி சொல்லிவிட்டது.

பால்மாவு பற்றி ஒன்று. தாய்ப்பால் போதாமல் வாங்க வேண்டி வந்தால் வாங்கு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மீனாவை யாரும் ஒரு சொல் சொல்லவும் விடாதே. ஆனால் விலை கூடினால் சத்து கூடும் என்று நினைக்காதே. இங்கே விற்கும் எல்லாச் சிசுப் பால்மாவும் ஒரே சத்துத் தர விதிகளுக்குள்தான் வர வேண்டும். விலை ஏறியது பெரும்பாலும் டப்பாவின் மேலிருக்கும் விளம்பரத்தால். தடுப்பூசிக்கும் தனியார் கிளினிக் பேக்கேஜ் எதுவும் எடுக்க வேண்டாம். தேசிய அட்டவணையில் உள்ள ஊசிகள் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் இலவசம். பிள்ளையின் பெயரில் 4,000 வெள்ளி மெடிசேவ் மானியமும் வரும், அது சேம நிதியில் மருத்துவத்துக்கான கணக்கு. பிரசவத்துக்கு முந்தைய மருத்துவச் செலவில் 900 வெள்ளி வரை உங்கள் மெடிசேவிலிருந்து எடுக்கலாம், அதனால் ரசீது ஒன்றையும் தூக்கி எறியாதே. காப்புறுதி முகவர்கள் இனி வரிசைகட்டி வருவார்கள். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டு அவர்களிடம் பேசு.

வளைகாப்பு சம்பந்தி வீட்டார் செய்வது. அதில் நான் வாய் திறக்க மாட்டேன், மண்டபம் எடுத்தாலும் அவர்கள் ஆசை. ஆனால் புகைப்படக்காரர், பின்திரை, பலூன் வளைவு என்று நீ ஒரு தனி பில் போட்டு வைத்திருக்கிறாயாமே? அதை விடு. சிராங்கூன் ரோட்டில் கண்ணாடி வளையல் டஜன் கணக்கில் வாங்கி, ஏழு வகைச் சாதம் கிண்டினால் வளைகாப்பு நிறைந்துவிடும். இந்த ஏழாம் மாதத்தில் மிச்சம் பிடிப்பதை அந்த ஏழாம் மாதத்துக்கு வை. யாராவது என்ன பரிசு வேண்டும் என்று கேட்டால் கூச்சப்படாமல் பிள்ளை மேம்பாட்டுக் கணக்குக்கு என்று சொல். தங்கம்தான் போடுவேன் என்று அத்தை அடம்பிடித்தால் தடுக்காதே, தங்கம் என்றைக்கும் தங்கம்தான்.

பத்தியச் சாப்பாட்டுக்கு 28 நாள் கேட்டரிங் வேண்டவே வேண்டாம். சம்பந்தியம்மா வேலைக்குப் போகிறவர், அவரால் தினமும் முடியாது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் நான் செய்து அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவருக்கும் யீஷுன் வீட்டிலிருந்து கிளம்ப ஒரு சாக்கு.

கடைசியாக என் விஷயம். நீ கேட்கத் தயங்குகிறாய், நானே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன். ஐந்து நாளும் முடியாது, முழங்கால் ஒத்துழைக்காது. முடியும் என்று சொல்லிவிட்டு நடுவில் கைவிட்டால் உங்கள் வேலை கெடும். அதனால் நிலையத்தில் இடம் பிடிப்பதை என்னை நம்பி விட்டுவிடாதே. நான் வேலைக்குப் போகாததால், தாத்தா பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக, வரி கணக்கிடும் வருமானத்தில் 3,000 வெள்ளி கழிவை மீனா கோரலாம், அதையும் விசாரி. எனக்கு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று ஆரம்பிக்காதே, அப்பா கோபித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா? மீனாவுக்கு என்ன சாப்பிடத் தோன்றுகிறதோ அதை எனக்கு மெசேஜ் போடச் சொல். ஆட்டுக்கால் சூப் என்றால் வெள்ளிக்கிழமையே தெரியவேண்டும். தேக்கா சந்தையில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் போனால் நல்ல கால் எல்லாம் போய்விடுகிறது.

அன்புடன்,
அம்மா