கிட்டார் ஆம்ப்: பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் பிள்ளைக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கும் பெற்றோர், கூடவே விலை குறைந்த டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றையும் வாங்குகிறார்கள். வெற்றிடக் குழாய்களால் இயங்கும் பழைய பாணி வால்வு ஆம்ப்களின் ஒலியை ஒரு சிப் கணக்கிட்டு உருவாக்கித் தருவதுதான் இந்த ஆம்பின் வேலை. 1996இல் லைன் 6 நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 212 வந்தபோது புதுமையாக இருந்தது, இன்று பயிற்சி ஆம்ப்களில் சாதாரணமாகிவிட்டது. ஆனால் வாங்குவோர் பெரும்பாலும் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டையும் பிரீசெட் (முன்பே அமைத்துச் சேமித்த ஒலி) எண்ணிக்கையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரை.

வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும். ஆகவே 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெட்டியில் தெரிகிற அளவுக்குக் காதில் தெரியாது. ஸ்பீக்கரோ அப்படியில்லை. பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் 40இல் 4 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு, ஃபெண்டர் மஸ்டாங் எல்டி25இல் 8 அங்குலம் ஒன்று, பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா 50இல் 12 அங்குலம் ஒன்று. ஸ்பார்க் வீட்டில் பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பழக அருமையானது, டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் காணாமல் போய்விடும். சர்ச்சிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிக்கப் போகிறவர் 12 அங்குலத்துக்கே காசு சேர்ப்பது நல்லது. கட்டானாவில் திறனை 0.5 வாட்டுக்குக் குறைக்கும் வசதி இருப்பதால் அதுவே வீட்டுக்கும் போதும். என்ன, 11 கிலோவுக்கு மேல் எடை, தூக்கிப் போக வேண்டும்.

கடையில் சோதிக்கும்போது முதல் பிரீசெட்டைக் கேட்டு மயங்க வேண்டாம். அதில் ரிவெர்ப் (அறை முழக்கம்), டிலே (எதிரொலி), கெயின் (கரகரப்பைக் கூட்டும் அளவு) எல்லாம் தாராளமாகச் சேர்ந்திருக்கும், எந்த கிட்டாரும் அதில் நன்றாகத்தான் கேட்கும். எஃபெக்டுகளை எல்லாம் அணைத்து கிளீன் (கரகரப்பில்லாத) மாடலுக்கு வாருங்கள். பாஸ் (தாழ்ந்த ஒலி), மிடில் (நடு ஒலி), ட்ரெபிள் (உச்ச ஒலி) மூன்றையும் நடுவில் வைத்து, ஒரே கார்டை (சேர்த்து மீட்டும் சுரங்கள்) மெதுவாகவும் அழுத்தியும் மீட்டுங்கள். கை அழுத்தத்தின் வித்தியாசம் ஒலியில் வர வேண்டும். அடுத்து ஓவர்டிரைவ் (கரகரப்பான ஒலி) மாடல்: கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதியாகக் குறைத்தால் கரகரப்பு குறைந்து ஒலி தெளிய வேண்டும். சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே நின்றால் அந்த மாடலிங் சுமார்தான். கடைசியில் ஒரு சுரத்தை மீட்டி விட்டுவிடுங்கள். அது தேய்ந்து அடங்காமல் வெட்டினாற்போல நின்றால் நாய்ஸ் கேட் (மெல்லிய இரைச்சலை அடைக்கும் வசதி) அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது, குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

ஆம்பில் இருக்கும் புளூடூத், ஃபோனிலிருந்து பாட்டை ஒலிக்கவும் சில ஆம்ப்களில் செயலி வழியாக அமைப்புகளை மாற்றவும்தான். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோனில் கிட்டாரைக் கேட்டால் மீட்டியதற்குப் பிறகுதான் ஒலி வந்து சேரும், தாளம் நிற்காது. வயர் ஹெட்ஃபோனே வேண்டும்.

வாங்கியபின் வரும் முதல் புகார் 'உர்ர்' என்ற இரைச்சல். ஆம்பைக் கடைக்குத் தூக்கிப் போகுமுன் கேபிளை ஆம்பிலிருந்து உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குறை கேபிளிலோ கிட்டாரிலோ அறையிலோ இருக்கிறது. கிட்டார் கம்பியைத் தொட்டதும் குறைகிறதா? கிட்டாரைப் பிடித்தபடி திரும்பி நின்றால் மாறுகிறதா? அப்படியானால் அது வெளியிலிருந்து வரும் இரைச்சல். சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள் பாகம்) சுற்றிலும் உள்ள மின்காந்த இரைச்சலை இழுக்கும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் மலிவான எல்இடி விளக்கையும் அணைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஸ்பீக்கர் கேபிளை கிட்டாருக்குப் போட்டிருந்தால் கட்டாயம் இரையும், அதில் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) கிடையாது. ஆம்புக்கு மூன்று முள் பிளக் இருந்தால் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டாதீர்கள். இரைச்சல் குறையலாம், ஆனால் ஆம்பில் மின்கசிவு வந்தால் கிட்டார் கம்பியைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும்.

வீட்டில் மெல்லிய ஒலியில் அமைத்த பிரீசெட் மேடையில் குழப்பமாகக் கேட்பதும் ஆம்பின் குற்றமில்லை. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் சரியாக எட்டாததால் பாஸைக் கூட்டி வைத்திருப்போம். சத்தம் ஏறியதும் அது பொங்கிவிடும். மேடைக்கென்று தனிப் பிரீசெட் வைத்து, பாஸையும் ரிவெர்பையும் குறைத்து, மிடிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஆம்பை நேராகச் சுவரில் செருகக் கூடாது. பின்பக்கம் 100–240 என்று இருந்தால் கவலையில்லை. 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போய்விடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தே பயன்படுத்த வேண்டும். அடாப்டர் தொலைந்தால் வோல்ட் மட்டும் பார்த்து மாற்று வாங்காதீர்கள். அடாப்டர் பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குறியும் பொருந்த வேண்டும், ஆம்பியர் பழையதைவிடக் குறையக் கூடாது.

இசைக்கருவிக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைச் சீட்டில் வாட்டோடு ஸ்பீக்கர் அளவையும் எழுதுங்கள். கேட்டு வருகிறவருக்கு எஃபெக்டுகளை அணைத்து ஒரு முறையாவது வாசித்துக் காட்டுங்கள்.

– ஒரு கிட்டார் ஆசிரியர், திருச்சி